கால் நொடியில் பறந்த பேருந்து

அந்தப் படத்தை நான் எடுத்தது ஆடி மாதத்து இரண்டாவது வெள்ளிக்கிழமை, மாலை ஆறரைக்குக் கொஞ்சம் முன்னால், காந்திபுரம் டவுன் பஸ் நிலையத்திலிருந்து வண்டிகள் வெளியே திரும்பும் வாயிலுக்கு எதிரே. மழை வரப்போவது போல இருட்டிக்கொண்டு வந்து, வராமலே போன நாள். இதையெல்லாம் இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிறகு அந்தப் படத்துக்கு ஊரில் ஆளாளுக்கு ஓர் இடமும் நேரமும் வைத்தார்கள். ஒருவருக்கு அது அவிநாசி சாலை மேம்பாலம். இன்னொருவருக்கு ஏதோ பள்ளிக்கூட வாசல், காலை நேரம், பிள்ளைகள் சிதறி ஓடுகிறார்களாம். எடுத்தவன் நான். நான் எங்கே நின்றேன் என்பது எனக்குத் தெரியும்.

மோட்டார் பம்ப் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறேன். வாரத்தில் ஒரு மாலை கேமராவோடு தெருவில் நிற்பது பல வருடப் பழக்கம். ஊரின் சந்திப்புகளை, ஆண்டுக்கு ஆண்டு அவை மாறுவதை, தேதி போட்டுச் சேர்த்து வைக்கிறேன். யாரும் கேட்டு அல்ல, எனக்காகத்தான்.

பேருந்தைப் படம் எடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு. வேகமான ஷட்டரில் எடுத்தால் வண்டி அப்படியே உறைந்துபோகும். ஓடிக்கொண்டிருந்த பேருந்து, டிப்போவில் நிறுத்தி வைத்தது போல ஆகிவிடும். அதில் காந்திபுரம் இருக்காது. அதனால் ஷட்டரை மெதுவாக்க வேண்டும். கேமராவின் கண்ணைக் கால் நொடி திறந்தே வைத்துக்கொண்டு, வண்டி நகர நகர அதே வேகத்தில் நாமும் இடுப்பை மட்டும் திருப்ப வேண்டும். பாதம் அசையக் கூடாது. மூச்சைப் பாதி விட்டு நிறுத்திக்கொள்ள வேண்டும். திருப்பம் சரியாக அமைந்தால் பேருந்து தெளிவாக விழும். பின்னாலிருக்கும் துணிக்கடை, செல்போன் கடை, லாட்ஜ் விளக்குகள் எல்லாம் பட்டை பட்டையாக இழுபட்டுக் கோடாகிவிடும். பத்துக்கு ஒன்பது படம் குப்பைக்குப் போகும். அன்று ஒன்று அமைந்தது.

எங்கள் பக்கம் வரும் தனியார் டவுன் பஸ் அது. முன் கண்ணாடிக்குப் பின்னால் ஓட்டுநரின் முகம், வலது கை ஸ்டீயரிங்கில், இடது கை கியரில். தோளில் துண்டு. அவருக்குப் பின்னால் காந்திபுரம் முழுவதும் நெருப்புப் பிடித்து ஓடுவது போல விளக்குக் கோடுகள். பார்த்தவுடன் எனக்கே கொஞ்சம் கர்வமாகத்தான் இருந்தது. வண்டி அப்போது என்ன வேகத்தில் வந்தது? நடக்கிற வேகம். வாயிலில் திரும்பும்போது எந்த வண்டியும் அப்படித்தான் வரும். நடத்துநர் கீழே இறங்கி, விசிலை வாயில் வைத்துக்கொண்டு, கூடவே நடந்து வந்துகொண்டிருந்தார். அவரும் படத்தில் இருக்கிறார், முன்படிக்குப் பக்கத்தில், ஒரு கால் தரையில்.

படத்தை வாட்ஸப் ஸ்டேட்டஸில் வைத்தேன். ‘காந்திபுரம், மாலை’ என்று மட்டும் எழுதினேன். மறுநாள் காலையில் அது எங்கள் குடியிருப்பின் குழுவில் இருந்தது. அனுப்பியவர் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். நூற்பாலை இயந்திரங்கள் செய்யும் தொழிற்சாலையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அதற்கு முந்தைய மாதம் ஏதோ ஒரு பேருந்து அவருடைய காரின் பக்கக் கண்ணாடியை உரசிவிட்டுப் போயிருந்தது. அன்றிலிருந்து அவருக்கு டவுன் பஸ் என்றாலே ஆகாது. படத்தோடு ஒரு குரல் பதிவும் போட்டிருந்தார்.

“எல்லாரும் நல்லாப் பாத்துக்கங்க. நம்ம ரோட்டுல வர்ற வண்டிதானுங்க இது. என்ன வேகத்துல போறான்னு பாருங்க. பின்னால ஒண்ணுமே தெரியலை, எல்லாம் கோடு கோடாத் தெரியுது. டிரைவர் மூஞ்சியப் பாருங்க, பயமே இல்லை. நம்ம புள்ளைகளெல்லாம் இதுலதான் போகுது. இதை நாலு பேருக்கு அனுப்பி உடுங்க.”

நான் உடனே எழுதினேன். படம் என்னுடையது, ஷட்டரை மெதுவாக்கி எடுத்தது, கோடுகள் கேமரா திரும்பியதால் வந்தவை, வண்டி ஊர்ந்துதான் வந்தது. யாரும் அதைப் படித்த மாதிரித் தெரியவில்லை. அதற்குக் கீழே கோபமான முகங்களும் கும்பிடும் கைகளும் வரிசையாக வந்து விழுந்தன. மாலையில் வாகன நிறுத்தத்தில் செயலாளரைப் பார்த்து நேரிலேயே சொன்னேன்.

“சார், நகர்ந்தது வண்டி இல்லீங்க, என்ற இடுப்பு. படத்திலேயே பாருங்க, கண்டக்டர் கூடவே நடந்து வர்றார். வண்டி அறுபதுல வந்திருந்தா, இந்த மனுசனும் அறுபதுலதான் நடக்கோணும்.”

அவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, போனில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். எனக்கு நம்பிக்கை வந்தது.

“அட ஆமாங்க! இதை நான் கவனிக்கலையே. ஓடற வண்டியில இருந்து குதிக்கறானுங்க. பாருங்க, ஒரு கால் கீழ இருக்குது. நல்லவேளை சொன்னீங்க, இதையும் போட்டு உடறேன்.”

போட்டும் விட்டார், சிவப்பு வட்டமெல்லாம் வரைந்து. நாற்பது வருடம் சுழலும் இயந்திரங்களோடு இருந்த மனிதர். நூல் கண்டு எந்த வேகத்தில் சுற்றினால் கண்ணுக்குத் தெரியாமல் போகும் என்று என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அவருக்கு அந்தக் கோடுகள் போதுமானவையாக இருந்தன.  ஒரு வாரத்தில் அடங்கிவிடும் என்று நினைத்தேன்.

அடங்கவில்லை. ஆவணி பிறந்து முதல் திங்கள்கிழமை, அலுவலகம் போக அதே பேருந்தில் ஏறினேன். ஓட்டுநர் இருக்கையில் வேறு ஒருவர். நடத்துநர் அவரேதான். சீட்டுக் கிழித்துக் கொடுக்கும்போது கேட்டேன்.

“எங்கீங்க, நம்ம டிரைவர் லீவா?”

“லீவு என்னங்க லீவு, எறக்கிப்போட்டாங்க சார். ஏதோ போட்டோவுல வேகமாப் போனாராம்.” பிறகு, கூட்டத்துக்குள் நகர்ந்துகொண்டே திரும்பிப் பார்த்துச் சொன்னார்: “நானும் அதுல இருக்கறனுங்க. வட்டம் போட்டிருக்குது என்ற மேல.”

அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டேன். உட்கார்ந்து போக முடியவில்லை. யார் மேல் என்று தெரியாத ஒரு கோபம் முதலில் வரும். இது அப்படி இல்லை. யார் மேல் என்று தெளிவாகவே தெரிந்தது. செயலாளரிடம் போவதற்கு முன்னால் பேருந்தின் முதலாளியைப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. வேலையைத் திருப்பிக் கொடுக்கக்கூடியவர் அவர்தானே.

முதலாளியின் அலுவலகம் காந்திபுரத்துக்குப் பின்னால் ஒரு மாடியில். கேமராவையே கையோடு கொண்டுபோயிருந்தேன். அவர் மரியாதையான மனிதர். உட்காரச் சொல்லி, காபிக்குச் சொல்லிவிட்டு, நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். மேலே ஒரே வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியை வேகமான ஷட்டரில் ஒரு முறையும், மெதுவான ஷட்டரில் ஒரு முறையும் எடுத்துக் காட்டினேன். ஒன்றில் இறக்கைகள் நின்றிருந்தன. மற்றதில் வெறும் வட்டம்தான் இருந்தது. அவர் சிரித்தார்.

“நீங்க இவ்வளவு மெனக்கெடவே வேண்டாமுங்க. அந்த ஆளு வேகமா ஓட்டறானா? ஒரு நாளாவது டைமுக்கு வந்திருக்கானா? பின்னால வர்ற வண்டி இவனைத் தாண்டிப் போயிருது. ‘நீ மாட்டு வண்டி ஓட்டப் போடா’ன்னு நானே திட்டியிருக்கறனுங்க.”

“அப்புறம் ஏனுங்க எறக்கினீங்க?”

“ஏறுறவங்க எல்லாம் போனை நீட்டி வீடியோ எடுக்கறாங்க. ‘இவன்தான், இவன்தான்’னு கை காட்டறாங்க. நாளைக்கு யாராவது குறுக்க வந்து உழுந்து, ஒரு சின்னக் காயம் ஆனாக்கூட, இந்தப் படத்தைத்தானே முன்னால கொண்டாந்து வெப்பாங்க? எனக்குப் புரியுது. ஊருக்குப் புரிய வெக்க முடியுங்களா? நீங்க போயி வீட்டுக்கு வீடு ஃபேனைக் காட்டுவீங்களா?”

“பரப்புனவரே தப்புன்னு சொல்லி அனுப்பினா?”

அவர் கொஞ்சம் யோசித்தார். “அப்படி ஒண்ணு வந்தா, அதைக் கண்ணாடியில ஒட்டி வெச்சே ஓட்டச் சொல்றனுங்க. வாங்கிட்டு வாங்க.”

நியாயமாகத்தான் பேசினார். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. வேகமாக ஓட்டவில்லை என்று மற்ற எல்லாரையும்விட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் இறக்கியிருக்கிறார்.

நடத்துநரிடம் எண் வாங்கி, அந்த ஓட்டுநரை ஒரு பேக்கரியில் சந்தித்தேன். என்னைவிட ஏழெட்டு வயது இளையவராக இருப்பார். படம் எடுத்தவன் நான், பரப்பியவர் எங்கள் குடியிருப்பின் செயலாளர் என்று சொன்னதும், என்ன சொல்வாரோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் டீயை ஆற்றினார்.

“நீங்கதானுங்களா? ரோட்டோரமா நின்னுக்கிட்டு இப்பிடி இப்பிடித் திரும்பீட்டு இருந்தீங்களே? இடுப்புப் புடிச்சுக்கிச்சு போலன்னு நெனச்சனுங்க.”

“உங்களை வண்டியில மறுபடியும் ஏத்தாம விடமாட்டனுங்க.”

“பாருங்க சார். ஆனா எங்க ஊட்டுல எனக்குத்தானுங்க கெட்ட பேரே. ‘எல்லாரும் சொல்றாங்களே, மெதுவாத்தான் போனா என்னவாம்’ங்கறா பொண்டாட்டி. என்ற புள்ளை மட்டும் சந்தோசமா இருக்குதுங்க. ‘எங்கப்பா ராக்கெட்டாட்ட ஓட்டுவாரு’ன்னு அந்தப் படத்தைப் பள்ளிக்கூடத்துல எல்லாருக்கும் காட்டீட்டுத் திரியுது. இல்லை கண்ணு, அப்பா ஊந்துதான் வந்தேன்னா, அழுகுது.”

அவருக்கு அந்த இருக்கைதான் வேண்டியிருந்தது. பன்னிரண்டு வருடமாக ஒரே தடம். எந்த நிறுத்தத்தில் யார் எத்தனை நிமிடம் தாமதமாக ஓடி வருவார்கள் என்று தெரியும், அதனால்தான் நேரத்துக்குப் போக முடிவதில்லை என்றார். வேறு முதலாளிகளிடம் கேட்டுப் பார்த்திருக்கிறார். படம் அவருக்கு முன்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

அன்று மாலையே செயலாளரின் வீட்டு மணியை அடித்தேன். கேட்டதெல்லாம் ஒன்றுதான். ‘நான் அனுப்பிய படம் வேகத்தைக் காட்டுவதல்ல, தவறாகப் புரிந்துகொண்டேன்’ என்று ஒரே ஒரு வரி. எங்கெங்கே அனுப்பினாரோ அங்கெல்லாம்.

“அதைத்தான் டெலீட் பண்ணிப்போட்டனுங்களே,” என்றார்.

“எப்போ?”

“நீங்க வருத்தப்பட்டீங்கன்னு அப்பவே. நம்ம குரூப்புல இப்ப இல்லை, வேணும்னா பாருங்க.”

“சார், அது நம்ம குரூப்புல இருந்து போயி ஊர் முச்சூடும் இருக்குதுங்க. ஒரு மனுசன் வேலை போயிருச்சு.”

“வேலை போனதுக்கு வேற காரணம் இருக்குமுங்க. ஒரு போட்டோவுக்காக யாராவது எறக்குவாங்களா? அவம்மேல ஏற்கெனவே ஏதாவது இருந்திருக்கும். அப்படியே இந்த வண்டி மெதுவாப் போச்சுன்னே வெச்சுக்கங்க. பொதுவா பஸ்ஸெல்லாம் வேகமாத்தானே போகுது? விழிப்புணர்வுக்குத்தானுங்க போட்டேன்.”

விழிப்புணர்வு! அந்தச் சொல்லை அதற்குப் பிறகு என்னால் கூசாமல் கேட்க முடிவதில்லை. தவறு செய்தவர்கள் கத்தினால்கூடத் திருப்பிக் கத்தலாம். இவர் எனக்கு முறுக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னார். நான் எடுத்துக்கொள்ளவில்லை. அவ்வளவுதான் அன்று என்னால் காட்ட முடிந்த கோபம்.

வீட்டுக்கு வந்து கத்தினேன். என் மனைவி துணி மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

“என்றகிட்டக் கத்தி என்னுங்க பிரயோசனம்? அந்தாளு காலையில கீழ வாக்கிங் போறாருல்ல? அவரையும் அதேமாதிரி ஒண்ணு புடிச்சு உடுங்க. அவரும் பறக்கட்டும்.”

விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்கு அது விளையாட்டாகப் படவில்லை. மறுநாள் காலை ஆறு மணிக்கு, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கேமராவோடு நின்றேன். அதே கால் நொடி. செயலாளர் வந்தார், தொப்பியும் கழுத்தில் மஃப்ளருமாக, கைகளை வீசிக்கொண்டு. முழங்கால் வலிக்காரர். எங்கள் குடியிருப்பில் அவரைவிட மெதுவாக நடப்பவர் யாரும் இல்லை. மூன்றாவது சுற்றில் படம் அமைந்தது. தொப்பியும் முகமும் துல்லியம். கால் இருந்த இடத்தில் சக்கரம் போல ஒரு மங்கல். பின்னால் சுற்றுச்சுவரும் செம்பருத்திச் செடிகளும் நிறுத்தி வைத்த கார்களும் பச்சையும் சாம்பலுமாகச் சீறிக்கொண்டு போயின. மேட்டுப்பாளையம் இறக்கத்தில் பிரேக் பிடிக்காத லாரி மாதிரி வந்துகொண்டிருந்தார் மனிதர்.

குழுவில் போட்டேன். ‘இன்று காலை நம் வளாகத்தில் எடுத்தது. இவர் என்ன வேகத்தில் போகிறார் என்று தயவுசெய்து சொல்லுங்கள். நம் பிள்ளைகள் விளையாடும் இடம்.’

 முதலில் இரண்டாவது மாடியிலிருந்து ஒருவர், ‘எண்பதுக்குக் குறையாதுங்க’ என்றார். ‘சார், ஹெல்மெட் போடுங்க’ என்றார் இன்னொருவர். ‘முழங்கால் ஆபரேஷன் எந்த டாக்டருங்க? எங்க மாமியாருக்கும் சொல்றோம்’ என்று ஓர் அம்மா. என் மனைவி சிரித்துச் சிரித்து இருமினாள். அந்தச் சிரிப்பின் நடுவே நான் முழுவதையும் விளக்கி எழுதினேன்: இரண்டு படமும் ஒரே முறை, ஒரே கால் நொடி, அந்த ஓட்டுநரின் வேலை போயிருக்கிறது, ஒரு வரி திருத்தம் வேண்டும் என்று. அனுப்பும் பொத்தானை அழுத்தினேன். போகவில்லை. செயலாளர்தான் குழுவின் அட்மின். அதற்குள் என்னை நீக்கியிருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சங்கக் கூட்டத்தில் என் மேல் புகார் படிக்கப்பட்டது. அனுமதி இல்லாமல் ஒரு மூத்த குடிமகனைப் படம் எடுத்துக் கேலி செய்தேனாம். நான் எழுந்து, அந்த ஓட்டுநரிடம் அனுமதி கேட்டா பரப்பினீர்கள் என்று கேட்டேன். “அது வேற, இது வேற” என்றார்கள். குழுவில் எண்பது, ஹெல்மெட் என்று சிரித்தவர்களும் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் புரிந்திருந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. புரியாமல் சிரித்திருக்க முடியாது. ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. கூட்டம் முடிந்து இறங்கும்போது ஒருவர் மட்டும் என் தோளைத் தட்டி, “உடுங்க சார், பஸ் டிரைவருக்காக நாம ஏன் அடிச்சுக்கோணும்?” என்றார்.

முதலாளியிடம் கொண்டுபோக ஒரு வரிகூட என்னிடம் இல்லை. மூன்று முறை போனேன். மூன்றாவது முறை, அந்த இருக்கைக்கு நிரந்தரமாக ஆள் போட்டாகிவிட்டது என்றார்.

செய்ய முடிந்தது ஒன்றே ஒன்றுதான். கார் வைத்திருப்பவர்களுக்கு வெளியூர் போக ஒரு நாள், இரண்டு நாள் ஓட்டிக் கொடுக்கும் ஆக்டிங் டிரைவர்களின் எண்கள் எங்கள் காவலாளியிடம் இருக்கும். அவரிடம் அந்த ஓட்டுநரின் எண்ணைக் கொடுத்து, யார் கேட்டாலும் முதலில் இவரைச் சொல்லுங்கள் என்றேன். யார் எவர் என்று சொல்லவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அவருக்குச் சவாரி வரத் தொடங்கியது.

தை மாதத்தில் ஒரு நாள் சாயங்காலம் மனைவி கூப்பிட்டாள். குழுவில் அவள் இன்னும் இருக்கிறாள்.

“ஏனுங்க, இங்க வாங்க. உங்க ஆளு என்ன போட்டிருக்காருன்னு கேளுங்க.”

செயலாளரின் குரல் பதிவு. “பவானி போயிட்டு வந்தமுங்க, கூடுதுறைக்கு. நம்ம வாட்ச்மேன் ஒரு டிரைவரை அனுப்பினார். என்ன நிதானம், என்ன பொறுமை! ஒரு தூக்கிப்போடல் கிடையாது. வீட்டுக்காரம்மா வழி முச்சூடும் தூங்கீட்டாங்க. யாருக்காவது வேணும்னா தைரியமாக் கூப்பிடுங்க.” கீழே அந்த எண். நான் காவலாளிக்குக் கொடுத்த எண்.

படிகளில் இறங்கி ஓடினேன். லிஃப்டுக்குக் காத்திருக்க முடியவில்லை. வாகன நிறுத்தத்தில் செயலாளரின் கார் அப்போதுதான் துடைக்கப்பட்டு நின்றது. ஓட்டுநர் பின்பக்கத்திலிருந்து ஒரு புது ஜமக்காளத்தை இறக்கிக்கொண்டிருந்தார். செயலாளர் சாவிக்காகக் கை நீட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார். கூட்டத்துக்குப் பிறகு என்னிடம் பேசாதவர், அன்று நல்ல மனநிலையில் இருந்தார்.

“வாங்க சார். உங்களுக்கும் வேணும்னா இவரையே வெச்சுக்கங்க. வண்டி ஓட்டறதுன்னா இப்பிடி இருக்கோணும். இந்த பஸ்காரனுக வந்து இவருகிட்டக் கத்துக்கோணும்.”

நாலு மணி நேரம் அந்த முகத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போய் வந்திருக்கிறார். அதே முகத்தைத்தான் பெரிதாக்கி, ‘பயமே இல்லை பாருங்க’ என்று ஊருக்கு அனுப்பினார். ஒரு கணம்கூட அவர் அந்த முகத்தைப் பார்த்திருக்கவில்லை.

நான் வாயைத் திறந்தேன். ஜமக்காளத்தைத் தோளில் போட்டிருந்த ஓட்டுநர், செயலாளருக்குப் பின்னால் நின்றபடி, என்னைப் பார்த்துத் தலையை மெதுவாக இடமும் வலமும் அசைத்தார்.

“மாடிக்குக் கொண்டாந்து வெச்சுடட்டுங்களா சார்?” என்று செயலாளரிடம் கேட்டார்.

“வெச்சுப்போட்டு, அப்பிடியே ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுப் போங்க.”

இருவரும் லிஃப்டுக்குள் போனார்கள். கதவு மூடும்வரை ஓட்டுநர் என் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தனியாக இறங்கி வந்தார். நான் அங்கேயே நின்றிருந்தேன்.

“சொல்லிருப்பீங்கன்னு பயந்துட்டனுங்க.”

“ஏங்க சொல்லக் கூடாது? அந்த மனுசன் மூஞ்சி எப்பிடிப் போகுதுன்னு பாக்கோணுமே.”

“நீங்க மூஞ்சியப் பாத்துக்குவீங்க சார். எனக்கு அடுத்த வாரம் பழனி போறதுக்குச் சொல்லியிருக்காருங்க. அதுக்கப்புறம் அவரு சம்பந்தி ஊட்டுல ஒரு கல்யாணமாம்.” காலணியை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தார். “பஸ்ஸு இனி இல்லீங்க. இதையும் கெடுத்துப்போடாதீங்க.”

போயிட்டு வாரனுங்க என்று சொல்லிவிட்டு வாயிலைக் கடந்து போனார். பேருந்து நிறுத்தம் பக்கம் போகாமல், எதிர்ப்பக்கமாக நடந்தார். நான் கைகளைக் காற்சட்டைப் பைக்குள் இறுக்கி வைத்துக்கொண்டு, அவருக்காக வாயை மூடிக்கொண்டு நின்றேன். மேலே, மூன்றாவது மாடி பால்கனியில், செயலாளர் புது ஜமக்காளத்தை உதறிக் காயப் போட்டுக்கொண்டே, “நாளைக்கு வாக்கிங் வாரீங்களா சார்?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.